நெவில் லோமாக்ஸ் கண்டுபிடித்த டன்லின்

நெவில் லோமாக்ஸுக்கு அறுபத்து மூன்று வயதாகியும் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. சொன்னால் ஸ்டாக்போர்ட்டில் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஊரில் அவர் அளவுக்கு விமானம் பார்த்தவர் இன்னும் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் சிரில் ஹேவொர்த், நெவிலின் நண்பர். இரண்டு பேரும் பள்ளிக்கூட நாளிலிருந்தே மான்செஸ்டர் விமான நிலையத்து வேலியோரம் நின்றவர்கள். மழை, குளிர், காய்ச்சல் எதுவும் அவர்களைத் தடுத்ததில்லை. பையில் தேநீர்க் குடுவை, கழுத்தில் பைனாகுலர், தலைக்கு மேலே இரைச்சல். ஏன் ஏறியதில்லை என்று கேட்டால், "உள்ள போய் உக்காந்துட்டா விமானத்தை எப்படிப் பார்க்கிறது?" என்று நெவில் திருப்பிக் கேட்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அது பயம் என்று அவர் மனைவி டோரீனுக்கு மட்டும் தெரியும். முப்பத்தைந்து வருஷமாகக் கோடை விடுமுறைக்கு ரயிலில் வேல்ஸ் கடற்கரைக்கே போய்ப் போய் அவளுக்கு அலுத்துவிட்டது.

விமானம் பார்க்கிற இந்த ஆட்களுக்கு ஒரு புத்தகம் உண்டு. விமானங்களின் எண்கள் வரிசையாக அச்சடித்திருக்கும். பார்த்த எண்ணுக்குக் கீழே இரும்பு அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போட வேண்டும். மொத்த விஷயமும் அவ்வளவுதான். இதற்காகச் சொந்தக் கல்யாண நாளை மறந்தவர்கள் இருக்கிறார்கள். பைனாகுலரில் பார்த்தால் செல்லும். ஓடும் ரயிலிலிருந்து பார்த்தாலும் செல்லும். போட்டோவில் பார்த்தால் செல்லாது. பார்க்காத எண்ணுக்குக் கோடு போட்டவன் மனிதனே இல்லை. 1971-ல் அப்படிப் போட்டு மாட்டிக்கொண்ட ஒருவனோடு வேலியோரத்தில் யாரும் பேசவில்லை. இரண்டு மாதம் தனியாக நின்று பார்த்துவிட்டு அவன் மீன்பிடிக்கப் போய்விட்டான். அந்த ஒதுக்கலை முன்னால் நின்று நடத்தியவர் சிரில். தனக்கென்று வரும்போதும் சிரில் அப்படித்தான். ஒரு பனிமூட்ட நாளில் விமானத்தில் பதிவு எண்ணாக எழுதியிருந்த ஐந்து எழுத்துகளில் நான்கு தெரிந்தது, ஐந்தாவது தெரியவில்லை. வேறெதுவாகவும் இருக்க வழியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கோடு போடவில்லை. அதே விமானத்தை மறுபடி பார்க்க ஒன்பது வருஷம் காத்திருந்தார்.

நெவில் பஸ் கம்பெனியில் கால அட்டவணை தயாரிக்கும் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது கம்பெனியில் ஒரு கணினி கொடுத்தார்கள். அது வந்த இரண்டாவது வாரமே, செயற்கைக்கோள் எடுத்த படங்களில் பூமி முழுவதையும் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்று கண்டுகொண்டார். அதோடு சரி, மனிதர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை அவருக்கென்று ஆகிவிட்டது. "அம்பது வருஷமா கீழ நின்னு மேல பார்த்தே. இப்ப மேல நின்னு கீழ பார்க்கிறே. நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்ப்பா" என்றாள் டோரீன். நெவில் அப்போது கஜகஸ்தானில் இருந்தார்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். அவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. எந்த ஊர்ப் படத்தில் எந்த விமானம் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக அங்கே பதிவு செய்வார்கள். பாலைவனத்தில் வரிசையாக நிறுத்திவைத்த நானூறு பழைய விமானங்கள், ஒரு ஓட்டல் கூரைமேல் ஏற்றிவைத்த ஒன்று, யாரோ விவசாயி கோழிக்கூடாக மாற்றிக்கொண்ட ஒன்று. ஒருமுறை கனடாக்காரப் பெண் ஒருத்தி, ஏரிக்குள் விமானம் மூழ்கிக் கிடக்கிறது, போலீசுக்குச் சொல்லவேண்டும் என்று பதறி எழுதினாள். நெவில்தான் அமைதியாகப் பதில் போட்டார். அது மூழ்கவில்லை அம்மா, ஏரிக்கு மேலே பறக்கிறது. ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டுகிறது பாருங்கள், செயற்கைக்கோள் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு நொடி முன்பின்னாக எடுக்கும், அதற்குள் விமானம் நகர்ந்துவிடும். அன்றிலிருந்து மன்றத்தில் நெவில் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. திரையில் அடிக்கோலை வைத்தே இறக்கையின் நீளத்தை அளந்து, வாலின் நிழலைப் பார்த்து, இது இன்ன ரகம் என்று சொல்லிவிடுவார். வாழ்க்கையில் அவர் சொல்லை நாலு பேர் எழுந்து நின்று கேட்டது அங்கே மட்டும்தான். அந்தச் சந்தோஷம் அவருக்குத் தலைக்கு ஏறியிருந்தது என்றும் சொல்லத்தான் வேண்டும்.

சிரிலுக்குக் கணினி பிடிக்காது. அவருக்கு இருந்த குறை வேறு. டன்லின் என்று ஒரு ரகம், இரட்டை எஞ்சின் வைத்த சின்னப் பயணிகள் விமானம், இங்கிலாந்தில் ஐம்பத்து நான்கு மட்டுமே கட்டினார்கள். அதில் ஐம்பத்து மூன்றை சிரில் பார்த்து முடித்திருந்தார். முப்பத்தேழாம் எண் மட்டும் பாக்கி. 1978-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கம்பெனிக்கு விற்றார்கள், கம்பெனி மூழ்கியது, விமானம் என்ன ஆனதென்று எந்தப் பதிவிலும் இல்லை. மற்ற ஐம்பத்து மூன்றும் உடைத்தாயிற்று, விழுந்தாயிற்று, அல்லது காட்சிசாலையில் இருக்கிறது. ஆகவே உலகத்தில் எங்காவது இன்னொரு டன்லின் நின்றால் அது முப்பத்தேழுதான்.

2009 வசந்தத்தில் சிரிலின் கண்ணில் கோளாறு தொடங்கியது. நேராகப் பார்க்கும் இடம் மட்டும் மங்கிக்கொண்டே வந்தது, பக்கவாட்டில் இருப்பது தெரிந்தது. ஒரு ஆளின் முகம் தெரிய வேண்டுமானால் அந்த ஆளின் காதைப் பார்க்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்குள் பார்வை பெரும்பாலும் போய்விடும், தடுக்க வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிரிலின் மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருந்தான். அவனுக்கு இரண்டு சின்னப் பெண்கள், தாத்தா இன்னும் நேரில் பார்க்காதவர்கள். கண் இருக்கும்போதே போய்ப் பேத்திகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சிரிலின் மகள் ஜானிஸ் ஏற்பாடு செய்யத் தொடங்கினாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் சமையல் வேலை. அந்த வருஷத்தில் ஒரு பயணத்துக்குத்தான் அவளால் லீவு எடுக்க முடியும்.

அந்த ஜூன் மாதம் நெவில் டன்லினைக் கண்டுபிடித்தார்.

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு சின்ன விமான நிலையம், ஓடுபாதையின் கோடியில் தனியாக வெளுத்த சிலுவை மாதிரி ஒன்று. படம் கொஞ்சம் மங்கல். நெவில் அடிக்கோலை வைத்தார். இறக்கை சரியாக வந்தது, நீளம் சரியாக வந்தது, இரண்டு எஞ்சினும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. மூன்று நாள் அளந்தார். நாலாம் நாள் மன்றத்தில் எழுதினார். உலகமே எழுந்து நின்று கை தட்டியது. யோப் என்ற டச்சுக்காரர் மட்டும், அதைச் சுற்றித் தரையில் வட்டமாக ஒரு கறுப்பு இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். நெவில் சிரித்துக்கொண்டே பதில் எழுதினார். டன்லின் எஞ்சின் எண்ணெய் ஒழுக்குவதில் பேர்போனது, அதன் கீழே நின்று சட்டையைக் கெடுத்துக்கொள்ளாதவன் எவன்? வேறு யாராவது புதியவன் பார்த்திருந்தால் அந்தக் கறுப்பைப் பார்த்துத் தயங்கியிருப்பான். நெவிலுக்கு டன்லினைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம் அதிகம்.

சிரிலைக் கூட்டிவந்து திரையின் முன்னால் உட்கார வைத்தார். சிரில் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"நிச்சயமாத் தெரியுமாடா?"

"சிரில், நான் என்னிக்காவது நிச்சயமில்லாம சொல்லியிருக்கேனா?"

சிரில் வேறொன்றும் கேட்கவில்லை. நெவில் நிச்சயம் என்று சொன்னால் அவருக்கு அது போதும். மறுநாள் ஜானிஸிடம், பெர்த் வேண்டாம், ஆப்பிரிக்கா போகலாம் என்று சொல்லிவிட்டார். அவள் அழுதாள், சண்டை போட்டாள், பேத்திகளின் போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தாள். பேத்திகளின் குரல் இருக்கிறது, கையைப் பிடித்துக்கொள்ளலாம், டன்லினைக் காதால் பார்க்க முடியாது என்று சிரில் சொன்னார். விஷயத்தைக் கேட்டு டோரீன் நெவிலிடம் சீறினாள். "குழந்தைங்க மூஞ்சியைப் பார்க்க வேண்டிய மனுஷனை ஓட்டை விமானத்தைப் பார்க்க அனுப்புறியே, உனக்கு நெஞ்சு உறுத்தலையா?" நெவிலுக்கு உறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அப்பாவும் மகளும் பாரிஸ் வழியாகக் கிளம்பினார்கள். நெவில் வேலியோரம் நின்று அந்த விமானத்துக்குக் கையாட்டினார். அதன் எண்ணுக்குக் கோடு போட்டு நாலு வருஷம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து, நண்பன் இறங்கப்போகும் இடத்தை இன்னொரு தடவை பார்ப்போம் என்று கணினியைத் திறந்தார்.

படம் மாறியிருந்தது.

இந்தப் படங்களை எப்போது மாற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பழையது இருக்கும், மறுநாள் புதிது இருக்கும். இது போன மார்ச்சில் எடுத்த புதுப் படம், பழையதைவிட மூன்று மடங்கு தெளிவு. ஓடுபாதைக் கோடியில் அந்தச் சிலுவை அப்படியே இருந்தது. அது எரிந்துகொண்டிருந்தது. கரும்புகை கடல்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு சிவப்பு வண்டிகள் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தன. பதறி ஓடுகிற ஆட்கள் யாரும் இல்லை. ஒரு வண்டிக்குப் பின்னால் பத்துப் பேர் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.

நெவிலுக்குப் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. தீயணைப்புக்காரர்கள் பயிற்சி எடுப்பதற்காக இரும்பில் அடித்து வைத்த பொம்மை விமானம். தெளிவான படத்தில் எல்லாம் தெரிந்தது. உடம்பு சாக்கடைக் குழாய் மாதிரி ஒரே பருமன். இறக்கை பலகை மாதிரி நேராகப் போய்ச் சதுரமாக முடிந்தது. டன்லினின் இறக்கை நுனியை நோக்கிக் குறுகும். அது அவருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும். எஞ்சின் இருந்த இடத்தில் இரண்டு எண்ணெய் டிரம். அந்த அளவு விமானங்கள் வந்துபோகிற ஊர் என்பதால் அந்த அளவில் செய்திருக்கிறார்கள். தரையில் இருந்த கறுப்பு, வாராவாரம் கொளுத்திய தீயின் கரி.

ஜானிஸின் செல்போனுக்கு அடித்தார், அணைத்து வைத்திருந்தாள். பாரிஸில் இறங்கிய பிறகும் அணைத்தே இருந்தது. பறக்கும் விமானங்களைச் சின்ன மஞ்சள் பொம்மைகளாகக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று இருந்தது. அதில் அவர்களுடைய பொம்மை பாரிஸை விட்டுக் கிளம்பி ஸ்பெயினைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சகாராவுக்கு மேலே போனதும் அது மறைந்துவிட்டது. பாலைவனத்தில் விமானத்தின் சிக்னலைப் பிடித்து அனுப்ப ஆள் இல்லை.

சிரில் போகிற நாட்டில் பேசுவது பிரெஞ்சு. டோரீனுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு கொஞ்சம் ஞாபகம் இருந்தது. அவர்கள் தங்கப்போகும் ஓட்டலுக்கு அவளைப் போன் செய்யச் சொன்னார்.

"என்னன்னு சொல்லட்டும்?"

"அது விமானம் இல்லைன்னு சொல்லு."

"எதுன்னு கேட்டா?"

நெவில் போனை எடுத்து அவள் கையில் வைத்தார். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு, ரொட்டி வாங்கவும் ரயில் நிலையத்துக்கு வழி கேட்கவும் உதவுவது. ஹேவொர்த் என்பவர் வந்தால், விமானம் இல்லை என்று சொல்லுங்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தாள். அந்தப் பக்கத்து ஆள் மிகவும் மரியாதையாக, அம்மா கவலைப்பட வேண்டாம், வெள்ளிக்கிழமை திரும்பிப் போக விமானம் கட்டாயம் உண்டு என்று பதில் சொன்னான்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. லைன் கரகரத்தது.

"பார்த்துட்டேன்டா நெவில்" என்றார் சிரில்.

பின்னால் ஜானிஸ் சிரிப்பதும் அழுவதும் சேர்ந்து கேட்டது. போனைப் பிடுங்கி அவளே பேசினாள். அங்கே இருந்த தீயணைப்பு ஆட்கள் எவ்வளவு நல்லவர்கள் தெரியுமா, இதைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வந்திருக்கிறோம் என்று கையைக் காட்டிச் சொன்னதும் அப்படியே திகைத்துவிட்டார்கள், வேலிக்குள்ளே கூட்டிப் போனார்கள், அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள், குளிர்ந்த சோடா வாங்கிக் கொடுத்தார்கள். எண் மட்டும் இல்லை, பெயின்ட் எல்லாம் கருகிப் போயிருக்கிறது. "பெர்த்துக்குப் போலையேன்னு உங்க மேல எவ்வளவு கோவமா இருந்தேன், அங்கிள். என்னை மன்னிச்சிடுங்க. எங்கப்பா மூஞ்சியை நீங்க இப்பப் பார்க்கணும்." இரண்டு இறக்கையும் ஒரு வாலும் இருந்தால் அவளுக்கு அது விமானம்தான். நெவில் "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

மூன்று நாள் அவர் கணினியைத் தொடவில்லை. போன் வருவதற்கு முன்பே மன்றத்தில் யோப் புதுப் படத்தைப் பார்த்துவிட்டிருந்தார். வருத்தத்தோடு, ஆனால் தெளிவாக, நாலு வரி எழுதியிருந்தார். நெவில் அதைப் படித்ததோடு சரி, பதில் போடவில்லை. சிரில் வந்தால் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நேரம் தோன்றியது. என் வார்த்தையை நம்பிப் பேத்திகளைப் பார்க்காமல் விட்டவனிடம், நீ பார்த்தது இரும்புக் குழாய் என்று எந்த வாயால் சொல்வது என்று இன்னொரு நேரம் தோன்றியது. டோரீனிடம் கேட்டார்.

"சொல்லாதே. அவர் புத்தகத்துல ஒரு கோடு. போட்டுக்கட்டும். கண்ணு போற மனுஷன் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே, உங்க சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடு."

சனிக்கிழமை காலை ஜானிஸ் அப்பாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். டோரீன் தேநீர் வைத்துவிட்டு அறையை விட்டுப் போய்விட்டாள். சிரில் மெலிந்திருந்தார், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. கோட்டுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார். டன்லின் பக்கத்தில் தாள் செருகியிருந்தது.

"என்னால கோடு நேராப் போட முடியாது இனிமே" என்றார். "போட வேண்டியதை நீயே பார்த்துப் போடுடா."

நெவில் புத்தகத்தைத் திறந்தார். ஐம்பத்து மூன்று சிவப்புக் கோடுகள், ஒன்றுகூடக் கோணல் இல்லை, நடுவில் முப்பத்தேழு மட்டும் வெறுமையாக இருந்தது. அடிக்கோலை வைத்தார். எதிரே சிரில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். அப்படித் திரும்பினால்தான் நெவில் அவருக்குத் தெரிவார். நெவிலுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பேனாவை அழுத்தி இழுத்தார்.

"போட்டாச்சு" என்றார்.

சிரில் விரலால் மேசையின் ஓரத்தைத் தட்டினார்.

"அது இரும்புடா நெவில்" என்றார் பிறகு. "தடவிப் பார்த்தேன். விமானத்து உடம்புன்னா வரிசையா ஆணித் தலை தட்டுப்படும், இதுல ஒண்ணுகூடக் கிடையாது. வெல்டிங் வெச்ச குழாய். தட்டினா டங்குன்னுது."

"பின்ன போன்ல..."

"ஜானிஸ் பக்கத்துல நின்னு அழுதுட்டிருந்தா. வருஷம் பூரா சேர்த்த லீவு அவளுக்கு. அவகிட்ட என்னத்தைச் சொல்றது? உன்கிட்ட நான் சொல்லத் தேவையில்லைன்னு நினைச்சேன். நீ தினம் படம் பார்க்கிறவன். புதுப் படம் வந்திருக்குமே."

"வந்துது."

"எப்போ?"

"நீங்க கெளம்பின அன்னிக்கே."

சிரில் தலையை ஆட்டிக்கொண்டார். "தெரிஞ்சுதான் போட்டிருக்கே."

நெவில் ஏதேதோ சொன்னார். தப்பு முழுக்க என்னுடையது, யோப் கேட்டபோதே யோசித்திருக்க வேண்டும், அந்தக் குழந்தைகளை நீ பார்க்காமல் போனதற்கு நான்தான் காரணம், எனக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாவற்றையும் சிரில் பொறுமையாகக் கேட்டார்.

"அளந்ததுல தப்பு யாருக்கும் வரும். அதுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். புத்தகத்தைக் கையில கொடுத்தா, வேணாம் சிரில்னு மூடி வெச்சுடுவேன்னு நினைச்சேன். அதுக்குத்தான் உன்கிட்ட கொண்டு வந்தேன்." ஓரக்கண்ணால் நெவிலைத் தேடிப் பார்த்தார். "குருடனுக்கு இது போதும்னு நினைச்சுட்டே இல்ல?"

அந்த மை அழியாது. அழியக்கூடாது என்றுதான் நாற்பது வருஷம் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து அந்த மையைத் தேர்ந்தெடுத்தார்கள். நெவில் புத்தகத்தில் இருந்த அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சிரில் கையை நீட்டித் துழாவிப் புத்தகத்தை எடுத்து மூடிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். தேநீர் ஆறிப் போயிருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. ஜானிஸ் இரண்டு கையிலும் பைகளோடு உள்ளே வந்து, என்ன, முடிந்ததா என்று கேட்டாள். சிரில் எழுந்து, அவள் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"முடிஞ்சுதும்மா. நெவில் கோடு போட்டுட்டான்."

ஜானிஸ் பைகளைக் கீழே வைத்துவிட்டு வந்து நெவிலைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நன்றி என்று இரண்டு தடவை சொன்னாள். பரவாயில்லைம்மா என்றார் நெவில்.